தாடி திருத்திக்கொள்ளும் மன்னர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற பருவத்தில் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் சார்பில் நடந்த பட்டிமன்றம் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். ‘அரசவைக் கலைஞர் வாழ்ந்தது கலைக்கா, கூலிக்கா?’ என்பது தலைப்பு. ‘கூலிக்கே’ என்ற அணியில் மூன்றாவது பேச்சாளனாக நான் பேசினேன். எங்கள் அணிக்கே வெற்றி என்று நடுவர் தீர்ப்பளித்தார். கைதட்டல் ஓய்ந்து நாற்காலிகளை அடுக்கும் வேளையில் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். “நல்லாப் பேசினே தம்பி. ஆனா நைன்சுக்கைப் பாக்காமப் பேசிட்டே. நூலகத்துக்குப் போய்ப் பாரு” என்றார். நான் போய்ப் பார்த்தேன். பார்த்ததன் விளைவுதான் இக்கட்டுரை. மேடையில் நான் பேசியதில் பாதியை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பரிசாக வாங்கிய புத்தகத்தை மட்டும் திருப்பித் தருவதாக இல்லை.

அன்று நான் பேசியது இதுதான். முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அவையில் அபுல் ஹசன் என்ற ஓவியர் இருந்தார். ‘காலத்தின் அரியவர்’ என்னும் பொருள்பட ‘நாதிர் உஸ் ஸமான்’ என்ற பட்டத்தை மன்னரிடம் பெற்றவர். அவர் 1616ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ஒரு படத்தில் ஜஹாங்கீர் உலக உருண்டையின் மீது ஏறி நிற்கிறார். கையில் வில். எதிரே ஈட்டியின் முனையில் ஒரு வெட்டுண்ட தலை. அந்தத் தலையில் அம்பு பாய்கிறது. அது மாலிக் அம்பரின் தலை. ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்துக்கு வந்து, அகமதுநகர் அரசின் பொறுப்பையே தோளில் சுமந்தவர் மாலிக் அம்பர். மலைகளில் மறைந்திருந்து தாக்கி முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் திணறடித்தவர். அவர் தலையை ஜஹாங்கீர் ஒருநாளும் வெட்டவில்லை. 1626இல், முதுமையில்தான் அவர் இறந்தார். நடக்காத வெற்றியை மன்னருக்கு வண்ணத்தில் நடத்திக் கொடுத்தார் ஓவியர். ‘இதற்குப் பெயர் கலையா, கூலியா?’ என்று நான் கேட்டபோது அரங்கம் அதிர்ந்தது.

இன்னொன்றும் சொன்னேன். ஜஹாங்கீரும் பாரசீக மன்னர் ஷா அப்பாஸும் தழுவிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று உண்டு. காலடியில் பூமி உருண்டை. ஜஹாங்கீர் சிங்கத்தின் மேலும், பாரசீகர் ஆட்டின் மேலும் நிற்கிறார்கள். இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. பிச்சித்தர் என்ற மற்றோர் ஓவியரின் படத்தில், ஜஹாங்கீர் மணற்கடிகையின் மேல் அமர்ந்து ஒரு சூஃபிப் பெரியாருக்கு நூல் ஒன்றை வழங்குகிறார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் கீழே நின்று காத்திருக்கிறார். அவருக்கும் கீழே, இடது மூலையில், கையில் ஒரு படத்துடன் நிற்கிறார் ஓவியர். இங்கிலாந்து மன்னரையே காத்திருக்க வைத்த ஓவியர் தனக்கு ஒதுக்கிக்கொண்ட இடம் அந்த மூலைதான். இவற்றில் எதையும் நான் இன்று மறுக்கவில்லை. படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. இவைமட்டுமே அரசவை ஓவியம் என்று எண்ணியதுதான் என் தவறு.

நூலகத்தில் இந்திய ஓவியம் பற்றிய தடித்த ஆங்கில நூல் ஒன்று இருக்கிறது. கடைசி அலமாரியில், அடித்தட்டில். அதைத் தூசு தட்டி எடுத்துப் புரட்டினேன். நைன்சுக் என்ற பெயரின் கீழ் ஒரு படம். அரசர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் முகத்தருகே ஒருவர் குனிந்து தாடியைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அரசர் அசையாமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். படத்தின் செய்தி அவ்வளவே. போரில்லை, வேட்டையில்லை, உலக உருண்டை இல்லை.

அந்தப் பக்கத்தை விட்டு எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஏன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. இன்று எங்கள் ஊரில் இரண்டு நாற்காலி போட்ட சிறிய கடை வைத்திருக்கிறார். நான் சிறுவனாய் இருந்தபோது அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போவார். நானும் சில நாள் உடன் போயிருக்கிறேன். பெரிய வீட்டுத் திண்ணையின் ஓரத்தில் ஐயா பலகையில் உட்கார்ந்திருப்பார். அப்பா குத்துக்காலிட்டு, கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்து, அவர் மோவாயைத் தொட்டுத் தூக்குவார். ஊரில் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பலர் அஞ்சுவார்கள். அப்பா அதைத் தொட்டு இப்படியும் அப்படியும் திருப்புவார். ஐயாவும் திரும்புவார். வேலை முடிந்து படிகாரம் தடவி எழுந்ததும் பழையபடி அவர் ஐயா, இவர் அப்பா. இருவருக்கும் நடுவே அந்தப் பத்து நிமிடம் என்னவாக இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இமயமலை அடிவாரத்தில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓவியர் அந்தப் பத்து நிமிடத்தைத் தாளில் பிடித்து வைத்திருக்கிறார்.

நைன்சுக் யார் என்பதைச் சொல்ல வேண்டும். இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் உள்ள குலேர் என்னும் சிறு சமஸ்தானத்தில், ஏறத்தாழ 1710இல் பிறந்தவர். தந்தை பண்டித சேவு ஓவியர். அண்ணன் மானக்குவும் ஓவியர். தச்சர் மரபில் வந்த குடும்பம் அது. தந்தையும் அண்ணனும் தீட்டியவை பெரும்பாலும் புராணக் காட்சிகள். இளையவரான நைன்சுக்குக்குக் கண்முன் இருக்கும் மனிதர்கள் மேல் கண். டெல்லியின் முகலாயப் பாணி அப்போது மலைநாடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதன் நுட்பத்தை அவர் நன்றாகக் கற்றிருந்தார். 1740ஆம் ஆண்டையொட்டி ஊரைவிட்டுப் புறப்பட்டு, இன்றைய ஜம்முவின் கத்துவா மாவட்டத்தில் அடங்கும் ஜஸ்ரோட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் பல்வந்த் சிங்கிடம் பணியில் அமர்ந்தார்.

பல்வந்த் சிங் 1724இல் பிறந்தவர். ஆக, ஓவியர் வந்து சேர்ந்தபோது ஓவியருக்கு முப்பது, புரவலருக்கோ பதினாறு, பதினேழு. நம் முதலாண்டு மாணவரின் வயது! அன்று தொடங்கிய உறவு 1763இல் பல்வந்த் சிங் இறக்கும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இந்தப் பல்வந்த் சிங் எவர் என்பதிலேயே அறிஞர்களுக்குள் வழக்கு இருந்தது என்பது வேடிக்கை. மலைநாட்டு ஓவியங்களை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் ஆர்ச்சர், இவரை ஜம்மு மன்னர் ரஞ்சித் தேவின் தம்பி என்று கொண்டார். பி. என். கோஸ்வாமி ஜஸ்ரோட்டாவைச் சேர்ந்தவர் என்று வாதிட்டு நிறுவினார். அரண்மனையும் படையும் பெரிதாக இருந்திருந்தால் இந்த ஐயமே எழுந்திராது. ஆர்ச்சரும் கோஸ்வாமியும் வழக்காடும் அளவுக்குச் சிறியவர் அவர். ஆயினும் அவருடைய மூக்கு எப்படி இருந்தது, எழுதும்போது எப்படி உட்கார்ந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். வரலாற்றில் பெயர்பெற்ற எத்தனையோ பேரரசர்களைப் பற்றி நமக்கு அது தெரியாது.

படங்களைச் சொல்கிறேன். ஒன்றில் அவர் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். நாம் தேர்வுக்கு முந்திய இரவில் உட்காருவது போலத்தான். ஒன்றில் குளிருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெருப்பின் முன் இருக்கிறார். அரசரென்று நாமாகச் சொல்லிக்கொண்டால்தான் உண்டு. மார்கழியில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் எவரும் அவராக இருக்கலாம். பாட்டுக் கேட்கிறார், ஹூக்கா புகைக்கிறார், கண்ணனும் ராதையும் முன்னே தோன்றக் கைகூப்பி நிற்கிறார். இந்தக் கடைசிப் படம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில், அரசர் ஓர் ஓவியத்தைக் கையில் வைத்து ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பணிவோடு இருப்பவர் நைன்சுக் என்றே அறிஞர் கருதுகின்றனர். படம் காட்டிவிட்டு, ‘என்ன சொல்வாரோ’ என்று காத்திருக்கும் முகம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ரெக்கார்டைப் புரட்டும்போது நம் முகம் எப்படி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு என்றதும் எங்கள் ஆய்வகம் நினைவுக்கு வருகிறது. முதலாண்டில் பாரமீசியம் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து வரையச் சொன்னார்கள். நான் கண்ணை லென்ஸில் வைத்ததாகப் பெயர் பண்ணிவிட்டு, பாடநூலில் உள்ள படத்தை அப்படியே வரைந்தேன். செருப்பு வடிவம், சுற்றிலும் ஒரே சீராகக் குற்றிழைகள், நட்ட நடுவே உட்கரு. அழகாகத்தான் இருந்தது. எங்கள் பேராசிரியர் பார்த்தார். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். “புத்தகத்துல இருக்கிறது எனக்கும் தெரியும். லென்ஸ்ல உனக்கு என்ன தெரிஞ்சுதோ அதப் போடு” என்றார். மறுபடி பார்த்தேன். தகட்டில் இருந்தது ஒருபக்கம் நசுங்கி, சாயம் ஏறாமல், ஏதோ ஒரு குப்பையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே வரைந்தேன். அதற்குத்தான் ‘சரி’ போட்டார்.

ஜஹாங்கீரின் உலக உருண்டைப் படம் பாடநூல் படம். நைன்சுக் வரைந்தது லென்ஸில் தெரிந்ததை. ஒரு விலங்கியல் மாணவனுக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

இதில் முகலாய ஓவியர்களுக்கு நான் அநீதி செய்துவிடக் கூடாது. அவர்களிடம் அந்தக் கண் இல்லாமல் இல்லை. மன்சூர் என்பவர் ஜஹாங்கீருக்காக வரைந்த விலங்குகளைப் பார்க்கும் எவரும் எங்கள் துறைக்கு அவரை இரவல் கேட்பார்கள். 1621இல் அவர் வரைந்த வரிக்குதிரையைச் சொன்னால் போதும். 1618இல் இனாயத் கான் என்ற அதிகாரி, அபினிப் பழக்கத்தால் உடல் வற்றிச் சாகும் தறுவாயில் மன்னர் முன் கொண்டுவரப்பட்டார். எலும்பும் தோலுமான அந்த உடலைக் கண்டு வியந்த ஜஹாங்கீர், உடனே வரையச் சொன்னார். வரைந்தார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது. ஆகவே உள்ளதை உள்ளபடி வரையும் ஆற்றலும் இருந்தது, அதற்கு மன்னரின் ஆணையும் இருந்தது. அந்தக் கண் கழுதையின் மேலும் கோழியின் மேலும் சாகும் பணியாளரின் மேலும் போகலாம். அரியணைப் பக்கம் திரும்பும்போது மட்டும் அதற்கு ஒளிவட்டம் தெரிந்தாக வேண்டும். அதுதான் வேறுபாடு. நைன்சுக் தன் கண்ணை அரியணையின் பக்கமே திருப்பினார். திருப்ப இடம் கொடுத்தவர் பல்வந்த் சிங்.

இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம். தாள் அரசருடையது, வண்ணம் அரசருடையது, ஓவியரின் சோறும் அரசருடையது. ‘இதென்ன என் மூக்கை இவ்வளவு நீளமாகப் போட்டிருக்கிறாய்?’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாள் அது குறுகியிருக்கும். அவர் கேட்கவில்லை. இருபது ஆண்டுகள் அந்த நீண்ட மூக்கு அப்படியே வந்துகொண்டிருக்கிறது. என்னை நீ பார்த்தபடியே எழுது என்று ஒருவர் இன்னொருவருக்கு முகத்தைக் கொடுப்பது, கத்தி பிடித்தவருக்குக் கழுத்தைக் கொடுப்பது போன்றதே.

இதை நான் ஆங்கில இலக்கியம் படிக்கும் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “நீ ஏமாந்துட்டே. மன்னரை மனுசனாக் காட்டுறதுதான் பெரிய முகஸ்துதி. இன்னிக்குத் தலைவருங்க ரோட்டோரக் கடையில டீ குடிச்சுப் படம் எடுத்துக்கலையா?” என்றார். நல்ல கேள்வி. இரண்டு நாள் விடை தெரியாமல் திரிந்தேன். பிறகு தோன்றியது இது: தேநீர்க் கடைப் படம் நாலு பேர் பார்க்க எடுப்பது. நைன்சுக்கின் படங்கள் கையில் ஏந்திப் பார்க்கும் சிறு தாள்கள். யாரை மயக்க? அந்த மூக்கின் சொந்தக்காரருக்கே தன் மூக்கு தெரியுமே. ஆனால் ஜஹாங்கீரின் படங்களும் சுவரில் மாட்டியவை அல்ல. அவையும் தொகுப்பேடுகளில் கட்டி வைத்துப் பார்த்தவைதான் என்று நண்பர் மடக்கினார். ஒப்புக்கொள்கிறேன். ஆகையால் என் வாதம் பாதிதான் செல்லும். மற்றப் பாதிக்கு நான் சொல்வது, ஒருவர் ஒருநாள் எளியவராக வேடம் போடலாம், இருபது ஆண்டுகள் போட முடியாது. கோடையிலும் குளிரிலும், பாட்டிலும் தொழுகையிலும், தனிமையிலும் அதே மனிதர், அதே மூக்கு, வயது மட்டும் ஏறிக்கொண்டு.

அந்நண்பரே இன்னொன்றும் கேட்டார். அந்தக் கூடாரத்துக்கும் ஹூக்காவுக்கும் வரி கட்டிய உழவர் எங்கே என்றார். அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பல்வந்த் சிங் நல்ல மன்னர் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் நைன்சுக்கின் படங்களில் மன்னரைச் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள். பாடுகிறவர்களுக்கும் பணியாளர்களுக்கும் தனித்தனி முகம் உண்டு. ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி, ஒருவருக்குப் பாட்டில் கண் செருகியிருக்கிறது. அரசருக்குக் கொடுத்த அதே கவனம். வெறும் ஆள்கூட்டமாக எவரையும் அவர் நிரப்பி வைக்கவில்லை. தாடி திருத்துகிறவருக்கும் முகம் உண்டு. என் தந்தையின் தொழிலைச் செய்கிறவர் ஒருவர் இவ்வளவு கருத்தோடு வேலை செய்யும் படத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

இனி என் கதை. பட்டிமன்ற மேடையில் ‘கூலிக்குப் படம் போட்டவர்கள்’ என்று நான் முழங்கியபோது எனக்கே உள்ளுக்குள் ஒரு முள் குத்தியது. அதற்கு ஆறு மாதம் முன்பு எங்கள் ஊரில் ஒரு விழா. ஊர்ப் பெரியவர் ஒருவருக்குப் பாராட்டு. எனக்கு வரைய வரும் என்று தெரிந்து, அவருடைய உருவப்படத்தைப் பெரிதாக வரையச் சொன்னார்கள். புகைப்படம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். இடது கண்ணிமை சற்றே தொங்கியிருக்கும், கன்னத்தில் பள்ளம் உண்டு, நிறம் எங்கள் ஊர் மண்ணின் நிறம். அப்படியே போட்டேன். பொறுப்பாளர்கள் வந்து பார்த்தார்கள். “கண்ணச் சரி பண்ணு. கலரக் கொஞ்சம் ஏத்து. பத்து வயசு குறைச்சிடு” என்றார்கள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. கண்ணைச் சரி செய்தேன், நிறத்தை ஏற்றினேன், பள்ளத்தை நிரப்பினேன். ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். அதில்தான் தேர்வுக் கட்டணம் கட்டினேன். அபுல் ஹசனுக்குப் பட்டம், எனக்குத் தேர்வுக் கட்டணம். நான் எந்த முகத்தோடு அவரைக் கூலிக்காரர் என்று ஏசினேன் என்று இப்போது எண்ணினால் கூசுகிறது.

விழா மேடையில் படம் இருந்தது. அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “தாடைக்குக் கீழ இடப்பக்கம் ஒரு தழும்பு இருக்குமே, அத ஏன் போடல?” என்றார். நான் விழித்தேன். அந்தத் தழும்பு புகைப்படத்திலேயே இல்லை. முகத்தை நிமிர்த்திப் பிடித்தால்தான் தெரியுமாம். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த இடத்தில் கத்தியைப் படுக்கவைத்து ஓட்டுகிறவருக்குத் தெரிந்த தழும்பு. ஊரில் அப்பாவைத் தவிர வேறு எவரும் அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. படம் போடச் சொல்லி எவரும் அவரைக் கேட்கப் போவதுமில்லை.

நைன்சுக்கின் குடும்பத்தைப் பற்றி நமக்கு எப்படித் தெரிந்தது என்பது தனிக் கதை. அதையும் சொல்ல ஆசை. அரண்மனை ஆவணங்களிலிருந்து அல்ல. ஹரித்வாரம் போன்ற தலங்களுக்கு யாத்திரை வருகிறவர்களின் பெயர், ஊர், குலம், தந்தை, பாட்டன் பெயர்களை எல்லாம் அங்குள்ள பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக நீண்ட ஏடுகளில் எழுதி வைக்கிறார்கள். ‘பஹி’ என்பது அந்த ஏட்டின் பெயர். மன்னர் வந்தாலும் தச்சர் வந்தாலும் பதிவு உண்டு. கோஸ்வாமி அந்த ஏடுகளில் தேடி இந்த ஓவியக் குடும்பத்தின் கொடிவழியைக் கண்டெடுத்தார். 1968இல் ‘மார்க்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரை, மலைநாட்டு ஓவியப் பாணிகளுக்கு அடிப்படை சமஸ்தானங்கள் அல்ல, ஓவியர் குடும்பங்களே என்றது. அதுவரை பசோலிப் பாணி, காங்ராப் பாணி என்று அரசர்களின் ஊர்ப் பெயரால் அழைக்கப்பட்டவற்றுக்குப் பின்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். கோஸ்வாமி 2023இல் மறைந்தார். பசோலி என்றதும் எங்கள் துறைக்காரர்களுக்கு ஒரு செய்தி: அவ்வூர்ப் பழைய ஓவியங்களில் நகைகளில் மின்னும் மரகதம் வண்ணமல்ல, வண்டின் பச்சைச் சிறகுறையை நறுக்கி ஒட்டியது.

அந்தப் பதிவேட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு வேறொரு பதிவேடு நினைவுக்கு வந்தது. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. கணினி மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, “கூலின்னு போட்டுடறேன், அதான் நல்லது” என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதல் நாளே அப்பாவின் தொழிலை மறைத்துவிட்டுத்தான் ஏறினேன்.

1763இல் பல்வந்த் சிங் இறந்தார். முப்பத்தொன்பது வயது. அதே ஆண்டு நைன்சுக் ஹரித்வாரம் போனார். தம் புரவலரின் அஸ்தியோடு என்பது அறிஞர் துணிபு. அங்கே பண்டாவின் ஏட்டில் தம் குடும்பத்தின் பதிவைத் தம் கையாலேயே எழுதி, பக்கத்தில் ஒரு கோட்டோவியமும் வரைந்து வைத்தார். அதற்குமேல் அவர் பசோலிக்குச் சென்று, பல்வந்த் சிங்கின் உறவினரான அம்ரித் பாலிடம் பணியாற்றினார். 1778இல் மறைந்தார். பசோலியிலும் அவர் கை தேர்ந்த கைதான். ஆனால் புதிய மன்னரைத் தாடி திருத்துமிடத்திலும் போர்வைக்குள்ளும் அவர் பின்தொடரவில்லை. சம்பளம் அங்கேயும் கிடைத்தது. கூலி ஒன்றுதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்க வேண்டியதில்லை. பட்டிமன்றத்தில் எதிரணியார் இதை எடுத்துச் சொல்லியிருந்தால் எங்கள் அணி அன்றே தோற்றிருக்கும்.

கார்த்திகை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியவர் இப்போது தாமே கடைக்கு வருகிறார். கண்ணாடி முன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அப்பா அவர் தலையைப் பின்னால் சாய்த்து நுரை போட்டுக்கொண்டிருந்தார். நான் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் வரையத் தொடங்கினேன். தழும்பு தெரிந்தது, கட்டைவிரல் அகலத்தில், பிறைபோல. அப்பாவின் வலக்கையைத்தான் சரியாகப் பிடிக்க முடியவில்லை. கத்தி நகரும்போது மணிக்கட்டு எங்கே மடங்குகிறது என்று நான் இதுவரை கவனித்துப் பார்த்ததே இல்லை. மூன்று தடவை அழித்தேன். “என்னடா கிறுக்குறான் உம் மவன்?” என்று கேட்டார் பெரியவர், உதட்டை மட்டும் அசைத்து. “பேசாதீங்க ஐயா, கத்தி படும்” என்றார் அப்பா.